வேம்படிவலசைப் பள்ளிக்கூடம் மேற்கே போனது

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த திங்கட்கிழமை காலையில், வேம்படிவலசை அரசு தொடக்கப்பள்ளி இருந்த இடத்திலிருந்து ஒரு வீட்டு மனை தூரம் மேற்கே தள்ளி நின்றுகொண்டிருந்தது. கட்டடத்தில் ஒரு கீறல்கூட இல்லை. ஓட்டுக்கூரை, இரண்டு வகுப்பறைகள், வராந்தா, சத்துணவுச் சமையலறை, கொடிக்கம்பம் எல்லாம் சேர்ந்தே போயிருந்தன. அடிபம்பும் கழிப்பறையும் மட்டும் பழைய இடத்தில் நின்றன. அன்று தென்காசிச் சந்தையில் தக்காளி விலை ஏறியிருந்ததால் ஊர்ப் பெண்கள் முதலில் அதைத்தான் பேசினார்கள். பள்ளிக்கூடம் நகர்ந்த விஷயம் வெயில் ஏறிய பிறகுதான் பரவியது. பார்க்க வந்தவர்கள் சுவரைத் தட்டிப் பார்த்தார்கள், கீழே குனிந்து அஸ்திவாரத்தைப் பார்த்தார்கள், பிறகு அவரவர் வேலைக்குப் போய்விட்டார்கள்.

வேம்படிவலசை, குத்துக்கல்வலசையிலிருந்து இலத்தூர் போகும் வழியில் உள்ள சிறிய ஊர். நெல் விளைந்த வயல்களில் கல் ஊன்றி மனை போட்டு, மனைகளில் மாடி வீடுகள் வந்து, மாடி வீடுகளின் வாசல்களுக்கு மஞ்சள் வேன்கள் வரத் தொடங்கிய காலத்தில் பள்ளியிலிருந்து பிள்ளைகள் குறைய ஆரம்பித்தார்கள். முதலில் போலீஸ்காரர்களின் பிள்ளைகள் போனார்கள், அடுத்து பட்டாளத்துக்காரர்களின் பிள்ளைகள், பிறகு கடை வைத்திருப்பவர்களின் பிள்ளைகள், கடைசியில் ஆட்டோ ஓட்டுகிறவர்களும் கொத்தனார்களும் கூட வேனுக்குச் சொல்லிவைத்தார்கள். பள்ளிக்கூடத்தின் மேல் கோபத்தோடு யாரும் போகவில்லை. தலைமை ஆசிரியை ஜெயசித்ராவை வழியில் பார்த்தால் எல்லோரும் நின்று பேசினார்கள், அவருடைய உடம்பை விசாரித்தார்கள். பிள்ளை இங்கிலீஷ் பேச வேண்டும் என்பதை மட்டும் சற்று வெட்கத்தோடு சொன்னார்கள்.

ஜெயசித்ரா அந்தப் பள்ளிக்கு இளம் ஆசிரியையாக வந்தபோது வெள்ளிக்கிழமைதோறும் அவருக்குத் தொண்டை கட்டிவிடும். அவ்வளவு பிள்ளைகள், அவ்வளவு இரைச்சல். சனிக்கிழமை முழுக்க வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்துக்கொண்டிருப்பார். பிள்ளைகள் குறையக் குறைய அவருடைய குரல் தெளிவாகிக்கொண்டே வந்தது. கடைசியில் பள்ளி முழுவதிலும் முதல் வகுப்பு சுஜிதா என்கிற ஒரே ஒரு பிள்ளை மட்டும் மிஞ்சியபோது தொண்டை கட்டுவது அறவே நின்றுபோயிற்று. தெளிவான அந்தக் குரலை அவரால் சகிக்க முடியவில்லை. சில சனிக்கிழமைகளில், தேவையே இல்லாமல், வெந்நீரில் உப்புப் போட்டுக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் நிற்பார்.

உதவி ஆசிரியர் ஸ்டான்லி தேவாலயப் பாடகர் குழுவில் பாடுகிறவர். வாய்ப்பாடு முழுவதையும் ராகம் போட்டுத்தான் சொல்லிக்கொடுப்பார். அவருடைய மகள் பெனிட்டா நான்காம் வகுப்பு. அவளும் மஞ்சள் வேனில்தான் போனாள். அரசுப் பள்ளி வாத்தியார் மகளை ஏன் அங்கே அனுப்புகிறார் என்று கேட்டவர்களுக்கு ஸ்டான்லி சொன்ன பதில் ஒன்றுதான். “நம்ம பள்ளிக்கூடத்துல அவ யார்கூட விளையாடுவா?” தகப்பன் வகுப்பில் பாடுவார் என்பது பெனிட்டாவுக்குத் தெரியாது. வீட்டில் அவள் அவரிடம் வீட்டுப்பாடத்துக்குக் கையெழுத்து மட்டும் வாங்குவாள்.

பள்ளிக்கூடம் நிற்கவில்லை, தொடர்ந்து போய்க்கொண்டிருந்தது. நிழல் நகருவதைப் போல, பார்த்துக்கொண்டிருந்தால் தெரியாது, பார்வையை எடுத்துவிட்டுத் திரும்பினால் தெரியும். பொதுப்பணித்துறையிலிருந்து வந்த பொறியாளர்கள் மண்ணைத் தோண்டிப் பார்த்து, மண்ணில் குறை ஒன்றும் இல்லை என்று சொன்னார்கள். மின்சார வாரியத்தார் ஒவ்வொரு வாரமும் வந்து கம்பியை நீட்டிக் கொடுத்தார்கள். பரமசிவன் என்கிற விவசாயி தன் நடவு வயலுக்குள் பள்ளிக்கூடம் இறங்கிவிட்டது என்று காவல் நிலையத்துக்குப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் அது வயலைக் கடந்திருந்தது. ஒரு நாற்றுகூடச் சாய்ந்திருக்கவில்லை. ஆசிரியர்களும் சுஜிதாவும் சமையல் செய்யும் கோமதியம்மாளும் காலையில் வந்து, பள்ளிக்கூடம் எங்கே நிற்கிறது என்று கண்ணால் தேடிக் கண்டுபிடித்து, வரப்பில் நடந்து போய்ச் சேர்ந்தார்கள். கோமதியம்மாள் சுஜிதாவின் தாய். அடிபம்பு பின்னால் தங்கிவிட்டதால் அவள் குடத்தில் தண்ணீர் சுமக்க வேண்டியதாயிற்று. அதற்காகப் பள்ளிக்கூடத்தை வாய் ஓயாமல் திட்டினாள்.

அது எங்கே போகிறது என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் இல்லை. நேர் மேற்கே, நெடுஞ்சாலை ஓரத்தில், கண்ணாடி பதித்த நான்கு மாடிக் கட்டடத்தில் பாண்டிராஜின் பள்ளி இருந்தது. வேம்படிவலசைப் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் படித்தார்கள். பிள்ளைகளைத் தேடிக்கொண்டு பள்ளிக்கூடம் அங்கே போகிறது என்று எல்லோரும் சொன்னார்கள். சிலர் சிரித்துக்கொண்டு சொன்னார்கள், சிலரால் அதைச் சொல்லிவிட்டுச் சிரிக்க முடியவில்லை. ஜெயசித்ராவுக்கு மட்டும் அது அவமானமாக இருந்தது. ஒரு மத்தியானம் ஸ்டான்லியும் சுஜிதாவும் சாப்பிடப் போன நேரத்தில் அவர் கரும்பலகைச் சுவரின் முன்னால் நின்று, ஒரு ஆளிடம் பேசுவதைப் போலப் பேசினார்.

“ஏன் இப்படி மானத்த வாங்குத? கூப்பிடாத வாசல்ல போயி நிக்கணுமா நீ? எனக்கு மட்டும் பிள்ளைகளப் பாக்க ஆச இல்லன்னு நெனைக்கியா?”

அன்று மாலைக்குள் பள்ளிக்கூடம் இன்னும் ஒரு வயல் கடந்திருந்தது.

அது நெடுஞ்சாலையை அடைந்தது ஆடி மாதத்தில். குற்றாலத்தில் சீசன் உச்சத்தில் இருந்தது, சாரல் விடாமல் விழுந்துகொண்டிருந்தது, வெளியூர் வண்டிகள் அருவிக்கு வரிசை கட்டிப் போய்க்கொண்டிருந்தன. பாண்டிராஜ் தன் பள்ளி வாசலில் வெள்ளைச் சட்டையோடு காத்து நின்றார். அவர் ஐந்தாம் வகுப்பு வரை வேம்படிவலசைப் பள்ளியில் படித்தவர், ஜெயசித்ராவிடம் முதல் வகுப்பில் அடி வாங்கியவரும் கூட. பள்ளிக்கூடம் சாலையின் மறு ஓரத்துக்கு வந்ததும் அவர் குடையைப் பிடித்துக்கொண்டு எதிரே போனார்.

“வாங்க டீச்சர். நம்ம பள்ளிக்கூடந்தான? கிரவுண்டு ஓரமா எடம் ஒதுக்கி வச்சிருக்கேன். அங்கன நிக்கச் சொல்லுங்க.”

“நான் சொன்னா அது கேக்காது, பாண்டிராஜ்” என்றார் ஜெயசித்ரா ஜன்னலிலிருந்து.

பள்ளிக்கூடம் சாலையைக் குறுக்கே கடந்தது. அதற்குக் காலை முழுவதும் பிடித்தது. இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றன. ஊட்டியிலிருந்து வந்த ஒரு சுற்றுலாக் குடும்பம் வண்டியிலிருந்து இறங்கிப் படம் எடுத்தது. பிள்ளைகளை ஏற்றி வந்த மஞ்சள் வேன் ஒன்று வகுப்பறை ஜன்னலுக்கு நேராக, கை நீட்டினால் தொடும் தூரத்தில் மாட்டிக்கொண்டது. உள்ளே ஸ்டான்லி சுஜிதாவுக்கு ஏழாம் வாய்ப்பாடு நடத்திக்கொண்டிருந்தார். முதல் வகுப்புப் பிள்ளைக்கு ஏழாம் வாய்ப்பாடு எதற்கு என்று ஜெயசித்ரா பலமுறை கேட்டிருக்கிறார். அந்த ராகம் ஏழில்தான் நன்றாக வரும் என்பார் ஸ்டான்லி. அவர் கண்ணை மூடிக்கொண்டு, மேசையில் தாளம் தட்டிப் பாடினார். வேனில் ஒரு பிள்ளை ஜன்னல் கண்ணாடியைத் தள்ளியது. அடுத்த கண்ணாடியும் திறந்தது. அவர் “ஏழஞ்சு” என்று இழுத்து நிறுத்தியபோது, சுஜிதாவின் ஒற்றைக் குரலுக்குப் பதிலாக ஒரு வேன் நிறையப் பிள்ளைகள் “முப்பத்தஞ்சு” என்று கத்தினார்கள்.

ஸ்டான்லி கண்ணைத் திறந்தார். எதிரே, மழைத்துளி வழியும் ஜன்னலில், பெனிட்டாவின் முகம் இருந்தது. அவர் ஒரு கணம் பாட்டை விட்டுவிட்டார். பிறகு “ஏழாறு” என்று இழுத்தார். ஜெயசித்ரா பக்கத்து அறையிலிருந்து ஓடி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏழாம் வாய்ப்பாடு முடிந்து எட்டாம் வாய்ப்பாடு தொடங்கியது, ஒன்பதும் போயிற்று. பத்து பாதியில் இருக்கும்போது சாலை திறந்து, வேன் ஹாரன் அடித்துக்கொண்டு கிளம்பிவிட்டது. மறு ஓரத்தில் பள்ளிக்கூடம் பாண்டிராஜின் வாசலில் நிற்கவில்லை. அவருடைய மதில் சுவரை ஒட்டி, அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், மேற்கே போய்க்கொண்டே இருந்தது. பாண்டிராஜ் குடையை மடக்கிவிட்டு, தன்னைக் கடந்துபோகும் சுவரில், மாட்டின் முதுகில் கை வைப்பதைப் போல உள்ளங்கையை வைத்தார். சுவர் முடியும்வரை கையை எடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் பெனிட்டா கையெழுத்து வாங்க வரும்போது, “டாடி, அந்த ஏழாம் வாய்ப்பாட்ட இன்னொரு தடவ பாடுங்க” என்றாள். ஸ்டான்லியால் அன்று பாட முடியவில்லை. மறுநாள் பாடினார்.

பாண்டிராஜின் பள்ளிக்கும் போகவில்லையென்றால் அது எங்கேதான் போகிறது என்று யாருக்கும் விளங்கவில்லை. அதற்குள் வேறொன்று நடந்தது. ஏழைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளிகளில் ஒதுக்கும் இலவச இடத்துக்கான குலுக்கலில் சுஜிதாவின் பெயர் விழுந்தது. கோமதியம்மாள் அந்தச் செய்தியை இரண்டு நாள் மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு சாம்பாரில் உப்பை மாற்றி மாற்றிப் போட்டாள். மூன்றாம் நாள் ஜெயசித்ராவிடம் வந்தாள்.

“டீச்சர், சுஜிதாவுக்குக் குலுக்கல்ல எடம் விழுந்துட்டு. நான் வேண்டாம்னு சொல்லிருதேன்.”

“ஏன்?”

“அவளும் போயிட்டா பள்ளிக்கூடத்துல யாரு இருக்கா? மூடிருவாவ. உங்களத் தூக்கி எங்கயாவது போடுவாவ. எனக்கும் சோலி போயிரும்.”

ஜெயசித்ரா வெளியே பார்த்தார். வராந்தாவில் சுஜிதா தானே டீச்சராகவும் தானே பிள்ளையாகவும் மாறி மாறிப் பேசி விளையாடிக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளை இல்லாத வராந்தாவை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் சொன்னார்.

“ஏட்டி, பள்ளிக்கூடத்தக் காப்பாத்துததுக்கா பிள்ளையப் பெத்த? கூட்டிட்டுப் போ.”

“நெசமாவா சொல்லுதிய?”

“நெசமாத்தான். அங்கன போயி நாலு பிள்ளையோட சண்ட போடட்டும். இங்கன அவளுக்குச் சண்ட போடக்கூட ஆள் இல்ல.”

கோமதியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உலை வைக்கப் போனாள். மறு வாரம் சுஜிதா புதுச் சீருடையில் வேன் ஏறினாள். பள்ளியில் பிள்ளைகள் யாரும் இல்லை. இருந்தும் மூன்று பேரும் நேரத்துக்கு வந்தார்கள். கோமதியம்மாள் ஒரு பிடி அரிசி போட்டுக் கஞ்சி வைத்தாள். அரசாங்கம் கொடுத்திருந்த பெரிய திரையை ஸ்டான்லி துடைத்து, அதில் வரும் பாடங்களை ஓட விட்டார். திரையிலிருந்து ஒரு இனிமையான குரல் காலி பெஞ்சுகளைப் பார்த்துக் கேள்வி கேட்டது, சரியான நேரம் காத்திருந்தது, பிறகு பாராட்டியது. ஜெயசித்ரா எழுந்து போய் அதை அணைத்தார். அந்த மாத முடிவோடு பள்ளியை மூடும்படி உத்தரவு வந்தது. உத்தரவு வந்த நாளிலிருந்து பள்ளிக்கூடம் வேகமாக நடந்தது. சாக்பீஸ் டப்பா மேசையில் கிடந்து ஆடும் அளவுக்கு வேகம். ரயில் பாதையை அது கடந்தபோது கேட் கீப்பர் கேட்டை மூடிப் பச்சைக்கொடி காட்டி அனுப்பினார்.

குற்றாலம் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு தென்னந்தோப்பை அழித்து, மலையைப் பார்த்தபடி பெரிய விடுதி ஒன்று கட்டிக்கொண்டிருந்தார்கள். அதைக் கட்டுகிறவர்கள் ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள். தோப்பின் ஓரத்தில் தகரக் கொட்டகைகளில் குடும்பம் குடும்பமாக இருந்தார்கள். பகலில் ஆணும் பெண்ணும் சாரத்தில் ஏறிவிடுவார்கள். கொட்டகைகளில் பிள்ளைகள் மட்டும் இருப்பார்கள். அந்தப் பிள்ளைகளைப் பற்றிச் சுற்றுவட்டாரத்தில் யாருக்கும் தெரியாது. தெரிந்தவர்களும் அவர்களைப் பள்ளிக்கூடத்தோடு சேர்த்து நினைத்ததில்லை. ஒரு காலையில் ஆசிரியர்கள் பள்ளிக்கூடத்தைத் தேடிக்கொண்டு வந்தபோது அது அந்தக் கொட்டகைகளின் முன்னால், வராந்தாப் படி அவர்களுடைய வாசலைத் தொடும்படியாக, நின்றுகொண்டிருந்தது. படியில் ஒரு பெண்பிள்ளை இடுப்பில் தம்பியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் வகுப்பறை நிறையப் பிள்ளைகள் இருந்தார்கள்.

அவள் பெயர் பூல்மணி. அதைத் தெரிந்துகொள்ளவே ஜெயசித்ராவுக்கு அன்று முழுவதும் ஆயிற்று. ஸ்டான்லி கைப்பேசியில் மொழிபெயர்க்கும் செயலியைத் திறந்து இந்தியில் பேச வைத்தார். பிள்ளைகள் பாதி விளங்காமல் சிரித்தார்கள். அவர்கள் பேசியது சந்தாலி, அந்தச் செயலிக்கு அது தெரியவில்லை. ஸ்டான்லி கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஜெயசித்ரா ஒரு தம்ளர் தண்ணீரைத் தூக்கிக் காட்டினார். “தாக்” என்றாள் பூல்மணி. வெளியே விழும் சாரலைக் காட்டினார். அதற்கும் “தாக்” என்றாள். தண்ணீருக்கும் மழைக்கும் ஒரே சொல்தானா என்று ஜெயசித்ரா ஆச்சரியப்பட்டு, கரும்பலகையில் தண்ணீர் என்றும் மழை என்றும் எழுதி, இரண்டுக்கும் நேராக ஒரே சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதினார். பிள்ளைகள் மூன்றையும் கத்தினார்கள். ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த சத்தத்தில், தன் இஷ்டத்துக்குக் கத்தினார்கள். கோமதியம்மாள் குடத்தை அப்படியே போட்டுவிட்டு அரிசி வாங்க ஓடினாள். அந்த வெள்ளிக்கிழமை ஜெயசித்ராவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வீட்டில் கணவரிடம் அதைச் சொல்ல வாயைத் திறந்தார், குரல் வரவில்லை. அப்படியே உட்கார்ந்து அழுதார்.

மாத முடிவில் பள்ளியை மூட வந்தவர் வட்டாரக் கல்வி அலுவலர் துல்கர்னைன், கடையநல்லூர்க்காரர். வரும்போது மத்தியானச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. அவர் வராந்தாவில் நின்று பிள்ளைகளைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், பிறகு குரலைத் தணித்துக் கேட்டார்.

“டீச்சர், இது வேம்படிவலசை எல்லைக்குள்ள வருமா?”

“வராது சார்.” கட்டிய தொண்டையில் அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

“வேம்படிவலசைப் பள்ளிய மூடணும்னுதான் எனக்கு உத்தரவு. காலைல அங்க போயிட்டுத்தான் வாரேன். ஒரு அடிபம்பும் கக்கூசுந்தான் நிக்குது. அது மூடுனது மாதிரிதான். இதப் பத்தி எனக்கு உத்தரவு ஒண்ணும் இல்ல.” பூல்மணியின் மடியில் இருந்த தம்பியைக் காட்டினார். “இவன் யாரு?”

“அவன விட்டுட்டு அவளால வர முடியாது சார்” என்றார் ஸ்டான்லி.

“அப்ப அவனுக்கும் ஒரு முட்ட வைங்க” என்று சொல்லிவிட்டுத் துல்கர்னைன் ஜீப்பில் ஏறினார். அதற்குப் பிறகு அந்தப் பள்ளியை மூட யாரும் வரவில்லை.

விடுதி கட்டி முடிந்தது அடுத்த பங்குனியில். மேஸ்திரியின் லாரி வந்து குடும்பங்களைத் தென்காசி ரயில் நிலையத்துக்கு ஏற்றிப் போயிற்று. பூல்மணி அதற்குள் தமிழில் கதை சொல்லவும், கோமதியம்மாளைப் போலவே திட்டவும் பழகியிருந்தாள். லாரியின் பின்னால் நின்று, “டீச்சர், நாளைக்கு வாரேன்” என்றாள். வருவதைத் தவிர வேறு எதிர்காலச் சொல் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. மறுநாள் காலை, கட்டிய நாளிலிருந்து கிழக்கே பார்த்துக்கொண்டிருந்த பள்ளிக்கூடம் வடக்கே பார்த்துத் திரும்பியிருந்தது. வகுப்பு எதுவும் நடக்கவில்லை. ஜெயசித்ரா நாற்காலியை வராந்தாவில் போட்டு, அது பார்த்த திசையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாரங்கள் கழித்து, எங்கோ ஒரு எண்ணிலிருந்து ஸ்டான்லியின் கைப்பேசிக்குக் குரல் பதிவு ஒன்று வந்தது. பூல்மணி ஏழாம் வாய்ப்பாட்டை அவருடைய ராகத்திலேயே பாடியிருந்தாள். ஏழாறு வரை வந்து அறுந்திருந்தது. அந்த எண்ணுக்கு அவர் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தார். அது அணைத்தே வைக்கப்பட்டிருந்தது.

பள்ளிக்கூடம் வடக்கே அவ்வளவு தூரம் போகவில்லை. கோடை முழுவதும் வடக்கே பார்த்தபடி நின்றுவிட்டு, ஜூனில் மெல்லத் திரும்பி, இலத்தூர்ப் பக்கம் ஒரு செங்கல் சூளைக்குப் போயிற்று. பிறகு சீசனில் ஐந்தருவிச் சாலையில் பாசிமணி விற்கிறவர்களின் கூடாரங்களுக்கு நடுவே நின்றது. அடுத்த வருஷம் புளியரைப் பக்கம் போயிற்று. போன இடமெல்லாம் பிள்ளைகள் இருந்தார்கள், போன இடமெல்லாம் கொஞ்ச காலத்தில் அந்தப் பிள்ளைகளும் வேறெங்கோ போனார்கள். ஒவ்வொரு முறையும் அது சில நாட்கள் அவர்கள் போன திசையைப் பார்த்து நின்றது. மின்சார வாரியத்தார் கம்பி நீட்டுவதை விட்டுவிட்டுக் கூரையில் சூரியத்தகடு பொருத்திக் கொடுத்தார்கள். சுஜிதா இப்போது இங்கிலீஷிலும் சண்டை போடுகிறாள் என்று கோமதியம்மாள் பெருமையாகச் சொல்கிறாள்.

ஜெயசித்ரா தினமும் காலையில் தென்காசிப் பேருந்து நிலையத்தில் மகளிர் பேருந்தில் ஏறுகிறார். எங்கே போகிறார் என்று நடத்துநர் பேச்சிமுத்து கேட்பதில்லை. வழித்தடத்தில் ஏற்கெனவே ஒரு நடை போய் வந்தவர் அவர்.

“இலஞ்சி தாண்டி, ரெண்டாவது பாலத்துக்கிட்ட நிக்குது டீச்சர்” என்று சொல்லிச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, அடுத்த இருக்கைக்குப் போகிறார்.